சுவிட்ச் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

என் தம்பி மகன் வீட்டைப் புதுப்பிக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரிக்கல் சாமான் வாங்கக் கிளம்பியவன், "பெரியப்பா, நீங்களும் வாங்க. பிசிக்ஸ் வாத்தியாராச்சே" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனான். பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டும் என்பதுதான் நிஜமான காரணம். எனக்கும் வீட்டில் வேலையில்லை. போனேன்.

கடையில் மொத்தம் ஒன்றரை மணி நேரம் இருந்தோம். அதில் ஒரு மணி நேரம் சுவிட்ச் தகட்டின் நிறத்துக்கே போய்விட்டது. வெள்ளையா, சாம்பலா, மரக் கலரா? மருமகளுக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பி, பதில் வந்து, மறுபடி வேறு படம் அனுப்பி... ஹாலில் தொங்கவிட ஓர் அலங்கார விளக்குக்கு இன்னும் இருபது நிமிடம். சுவருக்குள் போய் அடுத்த முப்பது வருடம் இருக்கப்போகிற ஒயருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எலெக்ட்ரீஷியன் எழுதிக்கொடுத்த சீட்டைக் கடைப் பையன் வாங்கினான், எடுத்து வைத்தான், முடிந்தது.

கடைசியில் பில் போடும்போது தொகை கொஞ்சம் எகிறிவிட்டது. கடைக்காரர் நல்லவர்தான். சீட்டைப் பார்த்து ஓர் இடத்தில் விரலை வைத்தார். "இந்த ஆர்.சி.சி.பி. வேணாம்னா விட்டுடலாம் சார். எம்.சி.பி.தான் போடுறீங்களே, அதுவே போதும். இது சும்மா சும்மா விழுந்துட்டே இருக்கும்."

தம்பி மகன் என் முகத்தைப் பார்த்தான். நான் இதுவரை அவனிடம் சொல்லாத ஒரு கதையைக் கடை வாசலில் வைத்துச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

2012-ஆம் வருடம், ஐப்பசி அடைமழை. நான் ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. எங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்தது. பழைய ஆட்கள் அதை இ.எல்.சி.பி. என்பார்கள். வீடு கட்டியபோது நானே கேட்டு வாங்கிப் போட்டது. அந்த மழைக்காலத்தில் அது வாரம் இரண்டு முறை விழ ஆரம்பித்தது. வீடே இருட்டாகும். நான் போய்த் தூக்கிவிடுவேன். சில நேரம் நிற்கும், சில நேரம் உடனே விழும். "மாவு பாதி அரைக்கிறப்ப நின்னுடுதுங்க" என்று வீட்டுக்காரம்மா சலித்துக்கொண்டாள்.

அந்தச் சலிப்பிலேயே விடை இருந்தது. எனக்கு உறைக்கவில்லை.

பல வருடமாக எங்களுக்கு வேலை செய்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் வந்தது நல்ல வெயிலடித்த ஒரு மத்தியானம். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். எதுவும் விழவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, "சார், ஒரு ஃபால்ட்டும் தெரியலை. பாக்ஸே வீக் ஆயிருக்கும். இப்போதைக்கு இதைத் தாண்டி நேரா குடுத்துடறேன், அப்புறம் புதுசு மாத்திக்கலாம்" என்றார். நான் சரி என்றேன். மின்னோட்டவியல் பாடத்தை முப்பது வருடத்துக்கு மேல் நடத்தியவன் நான். பத்து விநாடிகூட யோசிக்காமல் சரி என்றேன்.

அந்த "அப்புறம்" வரவேயில்லை. மூன்று வாரம் நிம்மதியாகப் போனது. ஒரு சனிக்கிழமை காலை, பின்கட்டிலிருந்து ஒரு சத்தம். கத்தல்கூட இல்லை, முனகல் மாதிரி. ஓடிப்போய்ப் பார்த்தால், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றபடி, கிரைண்டரைப் பிடித்த கையை எடுக்க முடியாமல் அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். கரண்ட் அப்படித்தான் பிடிக்கும். தசை இறுகிவிடும். விட நினைத்தாலும் விரல் விரியாது.

நான் அவள் தோளைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டிவிட்டேன். தொடுவதற்கு முன் எதுவோ தடுத்தது. தொட்டிருந்தால் இரண்டு பேரும் போயிருப்போம். திரும்பி வாசலில் இருந்த மெயினுக்கு ஓடினேன். அந்த வீட்டின் நீளம் எவ்வளவு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பிழைத்துக்கொண்டாள். உள்ளங்கையில் ஒரு கருத்த காயம். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்து ஒருநாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

காரணத்தைப் பிறகு கண்டுபிடித்தோம். இரண்டு தப்பு. கிரைண்டருக்குள் ஒயர் நுழையும் இடத்தில் மேலுறை தேய்ந்து, கம்பி இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அது வயதானதால் வந்த தப்பு. இன்னொன்று நான் காசு கொடுத்து வாங்கிவந்த தப்பு. பின்கட்டில் பிளக் எட்டவில்லை என்று ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், நம் ஊரில் ஜங்ஷன் பாக்ஸ் என்போமே, அது வாங்கியிருந்தேன். பார்க்க அழகாக ஒவ்வொரு பிளக்குக்கும் மூன்று துளை இருந்தது. ஆனால் அதன் ஒயர் முனையில் இரண்டே பின். அதாவது மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் கம்பியே கிடையாது. கிரைண்டரின் எர்த் அந்தத் துளையோடு முடிந்துவிட்டது. விலை குறைவு என்று நானே பொறுக்கி எடுத்தது.

மழையில் தரை ஈரமாகும்போதெல்லாம் கிரைண்டரிலிருந்து தரை வழியாகக் கொஞ்சம் மின்சாரம் கசிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஆர்.சி.சி.பி. அதைச் சரியாகக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறது. எலெக்ட்ரீஷியன் வந்த அன்று தரை காய்ந்திருந்தது, அதனால் அது சும்மா இருந்தது. நாய் குரைக்கிறது என்று நாயை விரட்டிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவைத்தேன். இதுதான் நான் செய்த காரியம்.

"எம்.சி.பி. இருந்ததே, அது ஏன் விழவில்லை?" என்று தம்பி மகன் கேட்டான். எல்லோரும் கேட்கும் கேள்விதான். எம்.சி.பி.யின் வேலை ஒயரைக் காப்பது. மனிதனைக் காப்பது அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. 16 ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும். ஈர உடம்பில் 230 வோல்ட் பாய்ந்தால் சுமார் 0.1, 0.2 ஆம்பியர் ஓடும். இதயத் துடிப்பைத் தாறுமாறாக்க அதுவே போதும். எம்.சி.பி.யைப் பொறுத்தவரை அது ஒரு சின்ன பல்பு எரிவதற்குச் சமம்.

ஆர்.சி.சி.பி. செய்வது வேறு வேலை. பள்ளியில் சுற்றுலா கூட்டிப் போகும்போது வாத்தியார் என்ன செய்வார்? பஸ்ஸை விட்டு இறங்கியபோது எத்தனை தலை, திரும்பி ஏறும்போது எத்தனை தலை என்று எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் பஸ்ஸை எடுக்கவிட மாட்டார். ஃபேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறதா என்று ஆர்.சி.சி.பி. எண்ணிக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியர். அந்த அளவு குறைந்தாலே அரை விநாடிக்குள் நிறுத்திவிடும். எர்த் இல்லாத என் கிரைண்டரிலும், அவள் தொட்ட கணமே அது விழுந்திருக்கும். சுரீர் என்று ஓர் அடி, அவ்வளவோடு போயிருக்கும்.

அதனால் எல்லாம் முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கையில் ஃபேஸும் இன்னொரு கையில் நியூட்ரலும் பிடித்தால் தலைக்கணக்கு சரியாக இருக்கும். அது விழாது. அதிக லோடு போனாலும் அது கண்டுகொள்ளாது. எனவே எம்.சி.பி.யும் வேண்டும், ஆர்.சி.சி.பி.யும் வேண்டும், எர்த்தும் வேண்டும். ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை.

"சும்மா சும்மா விழும்" என்று கடைக்காரர் சொன்னதற்கு வருகிறேன். சும்மா விழுவது அபூர்வம். எங்கோ ஈரம், எங்கோ தேய்ந்த ஒயர், அல்லது இன்வெர்ட்டர் இணைத்தபோது இரண்டு லைனின் நியூட்ரலைக் குழப்பி முடிச்சுப் போட்டிருப்பார்கள். நியூட்ரல் குழம்பினால் தலைக்கணக்கு தப்பி அது விழத்தான் செய்யும். ஒவ்வொரு பொருளாகப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூக்கிப் பார்த்தால் குற்றவாளி பல நேரம் அகப்பட்டுவிடுவான். எதை ஓட்டும்போது விழுகிறது என்று வீட்டுப் பெண்களைக் கேட்டால் இன்னும் சீக்கிரம் தெரியும். நான் கேட்கவில்லை. அவள் சொன்னதையும் காதில் வாங்கவில்லை.

என் கருத்து இதுதான். வீட்டின் மின் பாதுகாப்பில் பாதி, எலெக்ட்ரீஷியன் சுவரைக் கொத்துவதற்கு முன்பே, கடையில் பில் போடும் இடத்தில் தீர்மானமாகிவிடுகிறது. அங்கே நாம் நிறத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, பில்லைக் குறைக்க வேண்டும் என்றதும் கண்ணுக்குத் தெரியாத பொருளிலேயே கைவைக்கிறோம். வருகிறவர் போகிறவர் பாராட்டப்போவது விளக்கை. ஆர்.சி.சி.பி.யை யாரும் பாராட்டப்போவதில்லை. ஆகவே வாங்கும் வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதலில் உயிரைக் காப்பதை வாங்குங்கள். மிச்சப் பணத்தில் அழகு பாருங்கள்.

கடைக்குப் போகும்போது சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டியவை:

1. ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர். சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு டபுள் போல், த்ரீ ஃபேஸ் என்றால் நான்கு போல். பொருளில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

2. ஒயர். லைட், ஃபேனுக்கு ஒன்றரை ஸ்கொயர், 16 ஆம்பியர் பிளக்குக்கு இரண்டரை, ஏ.சி.க்கு நாலு ஸ்கொயர். இது பொதுக் கணக்கு. தூரமும் லோடும் பார்த்து எலெக்ட்ரீஷியன் கூட்டிச் சொன்னால் கேளுங்கள், குறைத்துச் சொன்னால் கேட்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதனருகே 'சி.எம்./எல்' என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

3. எம்.சி.பி. ஒயருக்கு ஏற்றது. அடிக்கடி விழுகிறது என்று பத்தை எடுத்துவிட்டு இருபது போடச் சொல்லாதீர்கள். எம்.சி.பி. விழாது, ஒயர் எரியும்.

4. பிளக். 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக்கில் செருகக் கன்வெர்ட்டர் கேட்டு வாங்காதீர்கள். கேட்டால் கடையில் கொடுத்துவிடுவார்கள்.

5. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். முனையில் மூன்று பின் இருக்கிறதா, ஒயருக்குள் மூன்று கம்பி இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்று பின்னில் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது எர்த். மற்ற இரண்டுக்கும் முன்னால் அது தொட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நீளம். கீசர், ஏ.சி.யை இதில் மாட்டவே கூடாது.

6. எர்த். டெஸ்டர் எரிகிறது என்பதால் எர்த் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. கருவி வைத்து அளந்து சொல்லக்கூடிய ஆளைக் கூப்பிடுங்கள். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

"எங்க வீட்டுல முப்பது வருஷமா இதெல்லாம் கிடையாது, என்ன ஆயிடுச்சு?" என்று சிலர் கேட்பார்கள். முப்பது வருடத்துக்கு முன் அந்த வீட்டில் ஒரு ஃபேன், நாலு பல்பு, ஒரு ரேடியோ இருந்திருக்கும். இன்று குளியலறையில் கீசர், அதன் வாசலில் வாஷிங் மெஷின், சமையலறையில் இன்டக்ஷன் அடுப்பு. ஈரமும் மின்சாரமும் இவ்வளவு பக்கத்தில் அன்று இல்லை.

கடைக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வாடிக்கையாளர் விலை கேட்டு முகம் சுளித்தால் எதையாவது கழித்துத்தான் ஆக வேண்டும் அவர்களுக்கு. ஆனால் ஒரு வேண்டுகோள். மருந்துக் கடையில் "யாருக்கு, எத்தனை வயசு?" என்று கேட்பதைப்போல, "எங்க மாட்டப் போறீங்க, எதுக்கு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தப் பாக்ஸை எனக்கு விற்றவர் இதைக் கேட்டிருந்தால், "கிரைண்டருக்கு" என்று சொல்லியிருப்பேன். அவரும் வேறு எடுத்துக் கொடுத்திருப்பார். என்னைப் பழைய எலெக்ட்ரீஷியனும் ஏமாற்றவில்லை. நான் அவசரப்படுத்தினேன், அவர் அவசரமாக முடித்தார்.

கதை முடிந்ததும் தம்பி மகன் எதுவும் பேசவில்லை. உள்ளே போய் ஆர்.சி.சி.பி.யைப் பில்லில் வைத்துவிட்டு அலங்கார விளக்கை எடுத்துவிட்டான். "தீபாவளிக்குப் பார்த்துக்கலாம் பெரியப்பா" என்றான். மருமகளிடம் அவன் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

இதை எழுதி முடித்து வீட்டுக்காரம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டாள். "எல்லாம் சரிங்க. ஊருக்கு உபதேசம் பண்றீங்களே, இந்த மாசம் நம்ம வீட்டு டெஸ்ட் பட்டனை அமுக்கினீங்களா?" என்றாள்.

அமுக்கவில்லை. இதோ எழுந்து போகிறேன். நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.