கித்துல்கலயில் கட்டிய பாலத்தில் நம்ம ஆட்கள் எங்கே?



"ஒஸ்கார் படம் எடுத்த ஊர் எங்கள் கித்துல்கல" என்று வருடத்துக்கு நாலு தடவையாவது ஒரு பதிவு சுற்றி வருகிறது. ஆற்றில் படகு விடும் போட்டோ, கீழே நிறைய லைக். படத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டால் சத்தம் இல்லை. இன்னொரு பக்கம், "அது வெள்ளைக்காரன் தன்னைப் புகழ எடுத்த படம் சேர், பிள்ளைகளுக்கு எதுக்கு?" என்பவர்கள். எனக்கு இரண்டு பேரோடும் சண்டை.

டேவிட் லீனின் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' 1957இல் வந்தது. ஏழு ஒஸ்கார். வாங்காவிட்டாலும் நல்ல படம்தான்.

ஜப்பானியரிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் கைதிகள் பாலம் கட்ட வேண்டும். அதிகாரிகளும் கையால் வேலை செய்ய வேண்டும் என்கிறான் முகாம் தலைவன் சைட்டோ. கேர்ணல் நிக்கல்சன் மறுக்கிறார். வெயிலில் தகரக் கூண்டுக்குள் கிடந்து வேகிறார், கடைசியில் ஜெயிக்கிறார். அங்கே நாமும் கைதட்டுவோம். பிறகுதான் விஷயமே. எதிரிக்கு நல்ல பாலம் கட்டிக் கொடுப்பதுதான் மானம் என்று அதே மனிதர் நினைக்கத் தொடங்குகிறார். நாள் போதாதென்றதும், இறங்க மாட்டோம் என்ற அதிகாரிகளை அவரே வேலைக்கு இறக்குகிறார். ஆஸ்பத்திரியில் கிடக்கும் நோயாளிகளையும் எழுப்பிக் கூட்டிப் போகிறார். சைட்டோ அடித்தும் செய்ய முடியாததை இவர் நல்ல வார்த்தை பேசியே செய்து முடிக்கிறார். இந்த மாதிரி ஆளைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாதா? இதைப் புகழ்ச்சி என்பவர்கள் பாதியில் எழுந்து போனவர்கள்.

முடிவில் நிக்கல்சன் பாலத்தில் ஒரு பலகை அடிக்கிறார். கட்டியது பிரிட்டிஷ் சிப்பாய்கள் என்று. அந்தப் பெருமையை லீன் கிண்டல் செய்கிறார். ஆனால் அவருடைய படமும் அதே பலகையைத்தான் அடித்து வைத்திருக்கிறது. என் கோபம் அதில்தான்.

சயாம்-பர்மா ரயில் பாதை 415 கிலோமீற்றர். 1942, 43இல் போட்டது. கைதிகள் 60,000க்கு மேல், செத்தவர்கள் 12,000க்கு மேல். அவர்களோடு ஆசியத் தொழிலாளர் 180,000க்குக் குறையாமல் இருந்தார்கள். அதில் ஏறக்குறைய 90,000 பேர் செத்ததாக மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் இறப்பர் தோட்டத்துத் தமிழர். கொலரா, வயிற்றோட்டம், பசி. காஞ்சனபுரியின் பெரிய போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகளுக்குக் கல் வைத்திருக்கிறார்கள். கூலிகளுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. இரண்டே முக்கால் மணி நேரப் படத்திலும் அவர்கள் இல்லை.

அது எங்கோ நடந்த கதை என்று சொல்லாதீர்கள். கங்காணி ஆள் பிடித்த கிராமங்கள் ஒன்றுதான். அண்ணன் கண்டிச்சீமைக்கு வந்திருப்பான், தம்பி மலாயாவுக்குக் கப்பல் ஏறியிருப்பான். தாய்லாந்துக் காடாக நடித்தது நம் மலை. 1957 மார்ச்சில் களனி கங்கை மேல் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தபோது பிரதமர் பண்டாரநாயக்கவே பார்க்க வந்தார். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் இருந்த சனத்துக்கோ 1948 சட்டத்தால் குடியுரிமையே இல்லை. செத்தவனின் பங்காளி மலைக்கு மேலே பால் வெட்டிக்கொண்டிருந்தான், கீழே அவன் இல்லாத படம் எடுத்தார்கள்.

ஒரு படத்தின் பலத்தைச் சும்மா எடைபோடாதீர்கள். நிஜப் பாலம் இருந்தது மே குலோங் ஆற்றில். கொமாண்டோக்கள் யாரும் அதை வெடிவைத்துத் தகர்க்கவில்லை, 1945இல் விமானத்திலிருந்துதான் குண்டு போட்டார்கள். பிறகு திருத்தி இன்றும் ரயில் ஓடுகிறது. படம் பார்த்துவிட்டு வந்த உல்லாசப் பயணிகள் குவாய் எங்கே என்று தேடியதால், 1960களில் அந்தப் பகுதி ஆற்றுக்கே பெயரை மாற்றினார்கள்! நம்ம கித்துல்கலயில் மிச்சம் இருப்பது கொங்கிரீட் அடித்தளம் மட்டும்.

"நீங்க முஸ்லிம் ஆள், உங்களுக்கு ஏன் சேர் இந்தக் கதை?" என்றும் கேட்டார்கள். நான் படிப்பிப்பது அந்தச் சனத்தின் பிள்ளைகளுக்கு. அந்தப் பாதையில் ஜாவாக்காரரும் மலாய்க்காரரும் செத்தார்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

படம் 161 நிமிடம், நாலு பாடவேளை. சாதாரண தரப் பிள்ளைகளுக்கு முழுதாகப் போட்டுக் காட்ட வேண்டும், வெட்டாமல். கூடவே மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண இரயில்' நாவலையும் கையில் கொடுக்க வேண்டும். எங்களிடம் புரொஜெக்டர் இல்லை. இரண்டு நாளைக்கு இரவல் தரக்கூடியவர்கள் இன்பொக்ஸ் வாருங்கள். மலாயாவுக்குப் போய்த் திரும்பாத யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர் பெயரையும் இந்தியாவில் அவர் ஊரையும் கீழே எழுதுங்கள்.