ஆறு மைல் சதுரத்துக்குள் ஒரு குடியாட்சி

'டவுன்ஷிப்' என்றதும் நமக்கு நெய்வேலியோ திருவெறும்பூரோ நினைவுக்கு வரும். பெரிய ஆலையின் அருகே, ஒரே மாதிரியான வீடுகளும் ஆலை நிர்வாகமே நடத்தும் பள்ளியும் மருத்துவமனையும் கொண்ட குடியிருப்பு அது. அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் அதே சொல் முற்றிலும் வேறொன்றைக் குறிக்கிறது. மக்காச்சோளமும் சோயாவும் விளையும் வயல்கள், ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும் பண்ணை வீடுகள், சரளைக்கல் சாலைகள், ஒரு தீயணைப்பு நிலையம், ஓர் இடுகாடு, ஒரு சிறிய கூட்ட மண்டபம். பெரும்பாலான ஊரக டவுன்ஷிப்புகள் இவ்வளவுதான். ஆனால், அந்தச் சிறிய மண்டபத்துக்குள் ஓர் அரசாங்கம் இயங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு மிச்சிகன் மாநிலத்தில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, அருகிலிருந்த டவுன்ஷிப்பின் மாதாந்திரக் கூட்டத்தைப் பார்க்கச் சென்றேன். வகுப்பறையில் பல்லாண்டுகள் உள்ளாட்சி நிதியைப் பற்றிப் பாடம் நடத்தியவனுக்கு அது ஒரு நல்ல பாடமாக அமைந்தது. இடுகாட்டில் புல் வெட்டும் ஒப்பந்தம், தீயணைப்பு வண்டியின் பழுது, ஒருவர் தன் நிலத்தில் கொட்டகை போடக் கேட்ட அனுமதி ஆகியவை அன்றைய பொருள்கள். மேடையில் அமர்ந்திருந்தவர்களில் இருவர் விவசாயிகள். வந்தவர்களில் யார் வேண்டுமானாலும் எழுந்து மூன்று நிமிடம் பேசலாம். நான்கு பேர் பேசினார்கள். அவர்கள் பேசியதைக் கேட்ட பிறகே வாக்கெடுப்பு நடந்தது.

அந்தக் கூட்டத்தை எனக்கு மீண்டும் நினைவூட்டியது, அதே மிச்சிகனில் சலீன் டவுன்ஷிப்பில் 2025-இல் நடந்த நிகழ்வு. ஏறத்தாழ 35 சதுர மைல் பரப்பும் இரண்டாயிரத்துச் சொச்சம் மக்களும் கொண்ட வேளாண் பகுதி அது. அங்கே மாபெரும் தரவு மையம் ஒன்றை அமைப்பதற்காக, 575 ஏக்கர் விளைநிலத்தின் பயன்பாட்டு வகையை மாற்றித் தருமாறு 'ரிலேட்டட் டிஜிட்டல்' நிறுவனம் கேட்டது. செப்டம்பரில் டவுன்ஷிப் மன்றம் நான்குக்கு ஒன்று என்ற வாக்குக் கணக்கில் மறுத்தது. சில நாள்களிலேயே நிறுவனமும், நிலத்தை விற்க இசைந்திருந்த உரிமையாளர்களும் வழக்குத் தொடுத்தனர். அக்டோபரில் மன்றம் சமரச உடன்பாட்டுக்கு இசைந்தது. தீயணைப்புத் துறைகளுக்கும் விளைநிலப் பாதுகாப்புக்கும் ஊர்ப் பணிகளுக்குமாகச் சுமார் 1.4 கோடி டாலர் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. நீர்ப் பயன்பாட்டுக்கும் இரைச்சலுக்கும் சில வரம்புகள் வைக்கப்பட்டன. தரவு மையம் வருவது உறுதியாயிற்று.

அந்த மாத இறுதியில், அது ஓப்பன் ஏஐ, ஆரக்கிள் நிறுவனங்களின் 'ஸ்டார்கேட்' திட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவிக்கப்பட்டது. அதற்குத் தேவையான 1.4 கிகாவாட் மின்சாரத்தை வழங்கும் ஒப்பந்தங்களுக்கு மாநிலப் பொதுச்சேவை ஆணையம் டிசம்பரில் நிபந்தனைகளுடன் ஒப்புதல் அளித்தது. ஒரு பெரிய அணுமின் உலையின் உற்பத்தித் திறனுக்கு இணையான அளவு இது. மறுப்புக்கு வாக்களித்த நால்வரின் முடிவு ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் எடுத்த முடிவு ஏன் இவ்வளவு எளிதில் கலைந்தது? இதற்கு விடை காண டவுன்ஷிப்பின் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

இங்கிலாந்திலிருந்து வந்து நியூ இங்கிலாந்தில் குடியேறியவர்களின் 'டவுன்' அமைப்பு பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கே முதலில் மக்கள் சேர்ந்தார்கள். பிறகு எல்லை உருவாயிற்று. நடுமேற்கில் நேர்மாறு. விடுதலைப் போரின் கடனில் மூழ்கியிருந்த புதிய குடியரசு, ஒஹையோ ஆற்றுக்கு அப்பாலிருந்த நிலத்தை விற்றுப் பணம் திரட்ட விரும்பியது. விற்க வேண்டுமானால் அளக்க வேண்டும். 1785-ஆம் ஆண்டின் நிலச் சட்டம் அந்த அளவுமுறையை வகுத்தது. பக்கத்துக்கு ஆறு மைல் கொண்ட சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு சதுர மைல் அளவுள்ள 36 பிரிவுகள். ஒவ்வொரு பிரிவும் 640 ஏக்கர். ஏக்கர் ஒன்றுக்குக் குறைந்தது ஒரு டாலர் என்ற விலையில் ஏலம் விட வேண்டும் என்றது சட்டம்.

ஒஹையோ, பென்சில்வேனியா எல்லையில் தாமஸ் ஹட்சின்ஸ் தலைமையில் தொடங்கிய அந்த அளவைப் பணி பின்னர் மேற்குக் கடற்கரை வரை நீண்டது. இன்றும் விமானத்திலிருந்து பார்த்தால் நடுமேற்கு ஒரு சதுரங்கப் பலகையாகவே தெரியும். பல இடங்களில் மைலுக்கு ஒரு சாலை, நேர்க்கோட்டில். பூமி உருண்டை என்பதால் வடக்கே போகப் போகத் தீர்க்கக் கோடுகள் நெருங்கிவிடும். அதைச் சரிசெய்யக் குறிப்பிட்ட தொலைவுக்கு ஒருமுறை கோடுகளைச் சற்று விலக்கி வரைந்தார்கள். அத்தகைய இடங்களில் நேராகச் செல்லும் ஊர்ச் சாலை திடீரென ஒரு சிறு வளைவு எடுத்து மீண்டும் நேராகும். ஆற்றையும் குன்றையும் பாராமல் வரைந்த கோடுகளுக்கு, பூமியின் வடிவம் ஒன்றே தடை சொல்ல முடிந்தது.

அந்தக் கோடுகள் வெற்றிடத்தின் மீது வரையப்படவில்லை. தென்கிழக்கு மிச்சிகனை ஒஜிப்வே, ஒடாவா, வயண்டாட், பொட்டாவடோமி மக்கள் 1807-இல் டெட்ராய்ட் உடன்படிக்கையின் வழியே விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அதன் பிறகே அளவைச் சங்கிலி வந்தது. இன்று 'எங்கள் நிலத்தின் மீது எங்களைக் கேட்காமல் முடிவெடுக்கிறார்கள்' என்று டவுன்ஷிப் மக்கள் வருந்தும்போது, அதே மண்ணில் அதே வருத்தத்தைக் கொண்டிருந்த முந்தைய தலைமுறையினரையும் நாம் மறந்துவிடலாகாது.

அந்தச் சட்டத்தில் ஓர் அரிய கூறும் இருந்தது. ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 16-ஆம் எண் பிரிவு பொதுப் பள்ளிக்கென ஒதுக்கப்பட்டது. ஊர் உருவாகும் முன்பே அதன் பள்ளிக்கு ஒரு சதுர மைல் நிலம்! ஆனால், மிச்சிகன் தனி மாநிலமாகும்போது அந்த நிலங்களை ஒவ்வொரு டவுன்ஷிப்பிடமும் விடாமல், மாநிலமே பொறுப்பேற்று நிதியாக்கியது. சிற்றூர்கள் அந்த நிலத்தை வீணாக்கிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. எனினும், 'உங்கள் நன்மைக்காக உங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம்' என்னும் வாதத்தின் வயது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் என்பதையும் அது காட்டுகிறது.

அளவைக்காக வரைந்த சதுரமே பின்னர் பல மாநிலங்களில் ஆட்சி அலகாகவும் ஆயிற்று. இன்று 20 மாநிலங்களில் டவுன் அல்லது டவுன்ஷிப் அரசுகள் உள்ளன. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவற்றின் எண்ணிக்கை 16,000-க்கும் மேல். அதிகாரங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மின்னசோட்டாவில் மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வாக்காளர்களே கூடி, அந்த ஆண்டுக்கான வரியை முடிவு செய்கிறார்கள். இண்டியானாவில் ஏழைகளுக்கான அவசர உதவி டவுன்ஷிப்பின் கடமை. இல்லினாயில் சாலைகளும் சொத்து மதிப்பீடும் அதன் பொறுப்பு. மிச்சிகனில் 1,240 டவுன்ஷிப்புகள் உள்ளன. அங்கே சாலைகள் 1931-இலேயே கவுண்டிகளுக்கு மாற்றப்பட்டுவிட்டன. நிலப் பயன்பாட்டை வகுக்கும் உரிமைதான் அவற்றின் கையில் எஞ்சிய பெரிய அதிகாரம்.

டவுன்ஷிப் அமைப்புக்கு எதிராகவும் வலுவான வாதங்கள் உண்டு. இண்டியானாவில் 2007-இல் முன்னாள் ஆளுநர் ஒருவரும் மாநிலத் தலைமை நீதிபதியும் தலைமையேற்ற குழு, டவுன்ஷிப் அரசுகளையே கலைத்துவிடப் பரிந்துரைத்தது. இல்லினாயில் எவன்ஸ்டன் நகர எல்லைக்குள்ளேயே இயங்கிய டவுன்ஷிப்பை 2014-இல் மக்களே வாக்களித்துக் கலைத்தார்கள். ஒரே வேலைக்கு இரண்டு அலுவலகம் எதற்கு என்ற கேள்வி அங்கே சரியானதே. அது மட்டுமன்று, சிறிய மன்றங்கள் நிலப் பயன்பாட்டு விதிகளைக் கொண்டு, குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கான வீடுகளைத் தடுப்பதும், சூரிய மின்சக்திப் பண்ணைகளை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பதும் உண்டு. நிலத்தை விற்று ஓய்வுபெற விரும்பும் முதிய விவசாயிக்கு, அண்டை வீட்டாரின் 'வேண்டாம்' என்ற வாக்கு அநீதியாகவே தோன்றும்.

மாநிலங்கள் இதை எதிர்கொள்ளும் விதமும் ஒன்றுபோல் இல்லை. மிச்சிகன் 2023-இல் இயற்றிய சட்டம், 50 மெகாவாட்டும் அதற்கு மேலும் திறனுள்ள சூரிய மின் திட்டங்களுக்கும், 100 மெகாவாட்டும் அதற்கு மேலும் திறனுள்ள காற்றாலைத் திட்டங்களுக்கும் மாநில ஆணையமே அனுமதி வழங்க வழி செய்தது. பதிலுக்கு மெகாவாட்டுக்கு 2,000 டாலர் உள்ளூருக்குத் தரப்படும். அண்டையிலுள்ள ஒஹையோவோ 2021-இல் எதிர்த் திசையில் சென்றது. பெரிய சூரிய, காற்றாலைத் திட்டங்களைத் தடை செய்யும் அதிகாரத்தைக் கவுண்டிகளுக்குத் தந்ததோடு, மாநில வாரியத்தின் விசாரணையில் டவுன்ஷிப்பின் பிரதிநிதிக்கும் வாக்குரிமை அளித்தது. ஆனால், அந்த உரிமை எண்ணெய், எரிவாயு கிணறுகளுக்கு எதிராக ஊர்களுக்குத் தரப்படவில்லை. உள்ளூர் உரிமையின் அளவு கொள்கையால் தீர்மானிக்கப்படுவதைவிட, எந்தத் தொழிலுக்குத் தலைநகரில் செல்வாக்கு என்பதால் தீர்மானிக்கப்படுகிறது என்றே ஐயுற வேண்டியிருக்கிறது.

இதற்கெல்லாம் அடிப்படை ஒரு சட்டக் கோட்பாடு. அமெரிக்க அரசமைப்பில் உள்ளாட்சி குறித்து ஒரு சொல்கூட இல்லை. அயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன் 1868-இல் சொன்னதும், உச்ச நீதிமன்றம் 1907-இல் பிட்ஸ்பர்க் வழக்கில் உறுதிசெய்ததும் இதுதான்: உள்ளாட்சிகள் மாநிலத்தின் படைப்புகள், படைத்த மாநிலம் மாற்றலாம், எடுத்தும்விடலாம். மிச்சிகனின் 1963 அரசமைப்பு, டவுன்ஷிப்புகளுக்குச் சாதகமாகச் சட்டங்களைத் தாராளமாகப் பொருள்கொள்ளச் சொல்கிறது. ஆனால், அதே மாநிலத்தின் சட்டம், தேவை மெய்ப்பிக்கப்பட்ட ஒரு நிலப் பயன்பாட்டை ஓர் ஊர் முழுவதிலும் விலக்கிவைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. பெரிய நிறுவனத்தின் வழக்குரைஞருக்கு அந்த ஒரு விதியே போதுமானது.

பொருளியல் இதை எவ்வாறு பார்க்கிறது? சார்லஸ் டீபூ 1956-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின்படி, ஓர் ஊரின் வரியும் சேவையும் பிடிக்காதவர் வேறு ஊருக்குக் குடிபெயர்வார். அதுவே உள்ளாட்சிகளை ஒழுங்குபடுத்தும். இதை நான் பல ஆண்டுகள் ஆர்வத்தோடு கற்பித்திருக்கிறேன். வாடகை வீட்டில் வாழும் மென்பொறியாளருக்கு அது பொருந்தும். மூன்று தலைமுறையாக ஒரே வயலை உழுபவருக்குப் பொருந்தாது. அவர் போகலாம், அவருடைய நிலம் போகாது. வெளியேறும் வழி அடைபட்டவருக்குக் கூட்டத்தில் பேசும் குரல்தான் ஒரே காப்பு. அந்தக் குரலுக்கும் பயனில்லை என்றால், அவருக்கு மிஞ்சுவது கசப்பு மட்டுமே.

அடுத்தது வருவாய்க் கணக்கு. மிச்சிகனில் ஓர் ஊரக டவுன்ஷிப்பின் பொதுச் செலவுக்கான சொத்து வரி, வரிக்குரிய மதிப்பில் ஆயிரம் டாலருக்குப் பெரும்பாலும் ஒரு டாலரை ஒட்டியே இருக்கும். சொத்து வரியின் பெரும்பகுதி பள்ளிகளுக்கும் கவுண்டிக்கும் செல்கிறது. மற்றொரு முக்கிய வருவாய், மாநில விற்பனை வரியில் மக்கள்தொகைக்கு ஏற்பக் கிடைக்கும் பங்கு. தரவு மையம் மின்சாரத்தை விழுங்கும், மக்களைக் கொண்டுவராது. எனவே, அந்தப் பங்கு உயராது. இதற்கிடையே 25 கோடி டாலர் முதலீடும் 30 வேலைவாய்ப்புகளும் தரும் பெரிய தரவு மையங்களுக்கு அதே விற்பனை வரியிலிருந்து விலக்களிக்கும் சட்டங்களை மாநிலம் இயற்றியிருக்கிறது. சலுகையை அறிவிப்பது மாநிலம். கட்டுமான லாரிகளின் தூசியையும் இரைச்சலையும் தாங்குவது ஊர். ஆதாயத்தின் எல்லையும் சுமையின் எல்லையும் ஒன்றாக இல்லாதபோது சந்தையின் முடிவு சரியாக அமையாது என்பது எங்கள் இயலின் தொடக்கப் பாடம்.

எனவே, டவுன்ஷிப்புகளுக்குத் தடையுரிமை முழுவதையும் கொடுத்துவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. மின்சாரமும் வீட்டுவசதியும் ஊரெல்லையைத் தாண்டிய தேவைகள். ஆனால், மூன்று மாற்றங்கள் இன்றியமையாதவை. மாநிலம் ஒரு திட்டத்துக்கு வரிச் சலுகை தரும்போது, அத்திட்டம் அமையும் ஊருக்கான இழப்பீடும் அதே சட்டத்திலேயே வரையறுக்கப்பட வேண்டும். வழக்கு மிரட்டலின் நடுவே பேரம் பேசிப் பெறும் நிலை கூடாது. சிறிய மன்றங்கள் நியாயமாக எடுத்த முடிவைக் காக்க, வழக்குச் செலவுக்கும் நிபுணர் ஆலோசனைக்கும் மாநில நிதி வேண்டும். மின்சாரத்தின் அளவு, நீரின் அளவு, உண்மையான பயனாளர் யார் என்ற விவரம் ஆகியவை வாக்கெடுப்புக்கு முன்பே மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். சலீனில் ஸ்டார்கேட் என்ற பெயர் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது உடன்பாடு கையெழுத்தான பிறகே.

1831-இல் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்த பிரெஞ்சு அறிஞர் டோக்வில், நியூ இங்கிலாந்தின் ஊர்க்கூட்டங்களை மக்கள் விடுதலையைப் பழகும் பள்ளியாகக் கண்டார். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு பிரிவைப் பள்ளிக்கு ஒதுக்கியவர்களும் ஏதோ ஒரு வகையில் அதையே எண்ணியிருக்கக்கூடும். நான் பார்த்த அந்தக் கூட்டத்தில், கொட்டகைக்கு அனுமதி கேட்டவருக்கு அண்டை வீட்டுக்காரர் மறுப்புத் தெரிவித்தார். மன்றம் இருவரையும் கேட்டு, கொட்டகையை இருபதடி தள்ளிக் கட்டச் சொன்னது. இருவரும் ஏற்றுக்கொண்டு சேர்ந்தே வெளியேறினர். கொட்டகையின் இடத்தைத் தீர்மானிக்கும் உரிமை இருந்து, ஊரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் உரிமை இல்லாமல் போனால், அந்த மூன்று நிமிடப் பேச்சுக்கு மக்கள் எத்தனை நாள் வருவார்கள்?

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).