இரண்டாவது வாசல்

பேரிகை போன்ற சிற்றூரில் சிறு கடைக்குப் போவதென்றால் கடைக்குள்ளே போவதல்ல. தெருவில் நின்றபடியே சாமானைக் கேட்கிறோம். கடைக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே நிறுத்துக் கொடுக்கிறார். விலை பிடிக்காவிட்டால் திரும்பி நடக்க வேண்டியதுதான். தடுப்பதற்கு அங்கே கதவே இல்லை.

ஓசூருக்குச் சென்று, மாடிமேல் மாடியாக எழும்பியிருக்கும் ஜவுளிக்கடையில் நுழைந்தாலோ விஷயம் வேறு. பையை வாங்கிக்கொண்டு வில்லை கொடுக்கிறார்கள். கைக்குட்டை வாங்கப் போனவரும் பட்டுப் புடவைகளையெல்லாம் தரிசித்த பிறகே பணம் கட்டும் இடத்தை அடையலாம். வாசல் காவலர் ரசீதில் முத்திரை குத்தினால்தான் விடுதலை! இவையெல்லாம் வியாபார சாமர்த்தியம். திருட்டுப் பயமும் நியாயமானதே. ஆனால் அந்த ஒரே வாசலுக்காக மற்ற வாசல்களைப் பூட்டிவிட்டால், சாமர்த்தியம் ஆபத்தாகிவிடுகிறது.

டில்லி உப்ஹார் சினிமாக் கொட்டகையில் 1997-ஆம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி நடந்தது என்ன? கீழ்த்தளத்து மின்மாற்றியில் பற்றிய தீயின் புகை மேல்மாடி ஆசனங்கள்வரை பரவியது. அங்கே வலப்புறத்து வாசலை அடைத்துக் கூடுதல் ஆசனங்கள் போடப்பட்டிருந்தன. 59 பேர் மாண்டனர். சில டிக்கெட்டுகள் அதிகம் விற்பதற்காக ஒரு வாசல் பலியாயிற்று. அதனோடு குடும்பங்களும் பலியாயின.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1942 நவம்பர் 28-ந் தேதி பாஸ்டன் நகரத்துக் கோகனட் குரோவ் கேளிக்கை விடுதி தீப்பற்றியது. பிரதான வாசலிலிருந்த சுழல் கதவு ஜனநெருக்கடியில் சிக்கி நின்றுவிட்டது. வேறு கதவுகள் பூட்டிக் கிடந்தன. 492 உயிர்கள் போயின. சுழல் கதவின் பக்கத்தில் சாதாரணக் கதவும் இருக்கவேண்டும் என்ற விதி அதன் பிறகே பிறந்தது.

நமது தேசியக் கட்டட விதித்தொகுப்பும், வெளியேறும் கதவு உள்ளிருப்பவர் சாவியின்றித் திறக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்கிறது. அதன் தாத்பரியம் எளியது: உள்ளே வரும் வழி கடைக்காரர் இஷ்டம், வெளியே போகும் வழி உள்ளிருப்பவர் உரிமை.

தீபாவளிக் கூட்டத்தில் அந்த வழியைத் துணிமூட்டைகள் அடைத்திருந்தால், முதலாளியிடம் கேட்பதற்குக் கூச்சம் எதற்கு? புடவையின் சாயம் போகுமா என்று பத்து முறை கேட்கிற நாம், “இன்னொரு வாசல் எங்கே?” என்று ஒரு முறை கேட்கலாகாதா?