நாவறியா நஞ்சு

நெய்வேலியின் கதை நீர் வேட்கையில் தொடங்கியது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்திலே நீருக்காகத் துளையிட்டபோது, நீரோடு கரிய பொருளொன்றும் மேலெழுந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. அதனை அகழ 1956 இல் நிறுவனம் எழுந்தது. நீர் தேடியவர்க்குக் கரி கிடைத்தது. கரி தேடியவர்க்கோ நீரே பகையாயிற்று. கரிப்படுகையின் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீரை இடையறாது இறைத்து அகற்றாவிடின் சுரங்கத்தின் தளம் வெடித்துவிடும். அங்ஙனம் இறைப்பதனால் தங்கள் கிணறுகள் வற்றுகின்றனவென அயலூர் உழவர் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர்.

நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். நிலத்தடிச் சுரங்கங்களில் வேறொரு கேடும் உண்டு. கரியோடு கலந்துள்ள இரும்புக் கந்தகக் கனியம், காற்றும் நீரும் படக் கந்தக அமிலத்தைப் பிறப்பிக்கும். அவ்வமிலம் பாறையின் உலோகங்களைக் கரைத்து ஓடைகளிற் சேர்க்கும். சுரங்கத்தை மூடிப் பல்லாண்டு கழிந்தும் இது நில்லாது.

இலங்கையிலே நிலக்கரிச் சுரங்கம் இல்லையே, வன்னியார்க்கு இதனால் ஆவதென்ன என்பார் உளர். சுன்னாகத்தை அவர் நினைக்கட்டும். அங்கே சுரங்கமா இருந்தது? மின்னிலையத்து எண்ணெய்க் கழிவு அயற்கிணறுகளைக் கெடுத்த வழக்கிலே, மின்னுற்பத்திக் கம்பனியொன்று 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, ஆயினும் நிலத்தடி நீரைக் கெடுப்பது எளிது, மீட்பது அரிது.

எண்ணெயாவது மணத்தாற் காட்டிக்கொடுக்கும். வவுனியாப் பக்கத்துக் கற்பாறைக் கிணறுகளிற் கரையும் புளோரைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஒரு லீற்றரில் 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கொதிக்கவைத்தாலும் அது நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவே கூடும். காரணம் இன்னும் ஐயமறத் தெளியப்படாத சிறுநீரக நோயும் வவுனியா மாவட்டத்திலே உழவர் குடும்பங்களை வாட்டுகின்றது. நன்னீர், சவர்நீர் என நாவினாலே பகுத்தறிந்தனர் நம் முன்னோர். நாவுக்கு எட்டாத கேட்டுக்கு அவர்கள் பெயரிட்டிலர். தமிழாசிரியனாகிய யான் தேடியும் கண்டிலேன்.

யூபிலி ஆண்டென்றால் வளைவு கட்டுவதும் மண்டபம் எழுப்புவதும் நம்மவர் வழக்கம். அவற்றை யான் வெறுப்பவனல்லேன். ஆயினும் இம்முறை பழைய மாணவர் திரட்டும் நிதியில் முதற்பங்கு கிணறுகளுக்கே செல்லவேண்டும் என்பது என் துணிபு. கல்லூரிக் கிணற்றையும் மாணவர் வீட்டுக் கிணறுகளையும் மாரிக்கு முன்னொருகாலும் பின்னொருகாலும் ஆய்வுகூடத்திற் சோதிப்பிக்கலாம். நீர் மாதிரி எடுக்கும் முறையை இரசாயன வகுப்பு மாணவர் ஒரு கிழமையிற் கற்றுக்கொள்வர். முடிவுகளை அதிபர் அறையிற் பூட்டிவையாது, ஊரார் காண வாயிற்பலகையிலே எழுதுக.