நிலாக் கணக்கில் ஒரு தப்பு

"போனில் படம் எடுத்தாலே கணக்குக்கு விடை வந்துவிடுகிறது. அப்புறம் பிள்ளைகள் ஏன் ஒவ்வொரு வரியாக எழுதி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?" பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீடுகளில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் ஒரு பழைய நிலாக் கணக்கில் இருக்கிறது.

சார்லஸ் டெலோனே, பிரான்ஸ் நாட்டு வானியல் அறிஞர். இன்ன நாளில், இன்ன நேரத்தில் நிலா எங்கே இருக்கும் என்று சொல்ல ஒரு சூத்திரம் வேண்டும் என்று உட்கார்ந்தார். பூமி மட்டும் நிலாவை இழுத்தால் வேலை சுலபம். சூரியனும் சேர்ந்து இழுப்பதால் கணக்கு நீண்டுகொண்டே போகும். கணக்குப் போட பத்து வருஷம், சரிபார்க்கப் பத்து வருஷம். 1860-ல் ஒன்றும் 1867-ல் ஒன்றுமாக இரண்டு தொகுதிகள் வந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 900 பக்கம். எல்லாம் கையால் போட்டது.

நூறு வருஷம் கழிந்தது. அமெரிக்காவில் போயிங் ஆய்வுக்கூடத்தில் டெப்ரி, ஆன்ரார், ரோம் என்ற மூன்று பேர் அதே கணக்கைக் கணினியிடம் கொடுத்தார்கள். 20 மணி நேரத்தில் முடிந்தது. 1970-ல் முடிவு வெளியானது. டெலோனேயின் கணக்கில் மொத்தம் மூன்றே பிழைகள். அதிலும் உண்மையான தப்பு ஒன்றுதான், ஒரு பின்னத்தில். மற்ற இரண்டும் அந்த ஒன்றின் பின்னாலேயே வந்தவை.

அந்தக் கணினி செய்த வேலைக்குப் பெயர் கணினி இயற்கணிதம். சாதாரண கால்குலேட்டரில் 1-ஐ 3-ஆல் வகுத்தால் 0.3333333 என்று காட்டும். அதை அப்படியே அடித்து 3-ஆல் பெருக்கினால் 0.9999999 வரும். ஒரு துளி காணாமல் போய்விட்டது! கணினி இயற்கணிதம் மூன்றில் ஒன்றைப் பின்னமாகவே வைத்துக்கொள்ளும். எக்ஸ், ஒய் என்ற எழுத்துகளையும் நம்மைப் போலவே பெருக்கும், சுருக்கும்.

வானியலோடு இது நிற்கவில்லை. நெதர்லாந்து இயற்பியல் அறிஞர் வெல்ட்மன், அணுத்துகள் கணக்குகள் பக்கம் பக்கமாக நீண்டதால், 1963-ல் தானே இப்படி ஒரு மென்பொருள் எழுதினார். குழப்பத்தைச் சுத்தம் செய்வது என்ற பொருளில் அதற்கு 'ஸ்கோன்ஸ்கிப்' என்று பெயர் வைத்தார். 1999-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, நம் கேள்விக்கு வருவோம். தப்பு எந்தப் பின்னத்தில் என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது எப்படி? டெலோனே விடையை மட்டும் எழுதி வைக்கவில்லை, வந்த வழியையும் அச்சிட்டிருந்தார். வழி இல்லாமல் விடை மட்டும் இருந்தால், 'தப்பு' என்று சொல்லலாம். எங்கே தப்பு என்று சொல்ல முடியாது. 'ஸ்டெப்புக்கு மார்க்' என்று கணக்கு வாத்தியார் சொல்வது இதற்காகத்தான்.

இயந்திரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. எக்ஸை எக்ஸால் வகுக்கச் சொன்னால் இந்த மென்பொருள்கள் பட்டென்று 1 என்று சொல்லிவிடும். எக்ஸ் பூஜ்யமாக இருந்தால்? பூஜ்யத்தால் வகுக்கவே முடியாதே! அதைக் கவனிப்பது நம் வேலை. இயற்கணிதம் படித்த பிள்ளைக்குத்தான் அது கண்ணில் படும்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இதை முயன்று பார்க்கலாம். 1968-ல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய ஒரு மென்பொருளின் வழிவந்த 'மேக்ஸிமா' இன்று இலவசமாகவே கிடைக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள். பிள்ளை முதலில் நோட்டில் போடட்டும், பிறகு மேக்ஸிமாவில் பார்க்கட்டும். விடை மாறினால் திட்டாதீர்கள். எந்த வரியில் மாறியது என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள்.