புகையிலையின் ருசி ரகத்திலா, பாடத்திலா?

நகரத்து நண்பர்கள் நம்ம பக்கம் வந்தா தவறாமக் கேக்கிற கேள்வி ஒண்ணு: "எந்த ரகப் புகையிலைங்க நல்லாயிருக்கும்?" ரகம் பாதிதாங்க. மீதி ருசி அறுத்த பிறகுதான் வருது.

மைசூர், ஆந்திரா பக்கம் விளையிற வர்ஜீனியா இலையை, அடைச்ச கொட்டகையில சூடு ஏத்திப் பதப்படுத்துறாங்க. முதல்ல 35–40 டிகிரியில இலை மெல்ல மஞ்சளாகும், மாவுச்சத்து சர்க்கரையா மாறும். அப்புறம் 70 டிகிரி வரைக்கும் சூட்டைக் கூட்டி நடுநரம்பைக் காய வைப்பாங்க. சர்க்கரை இலையிலேயே தங்கிடும். பர்லி ரகத்தை நிழல்ல வாரக்கணக்கா காத்தாடத் தொங்க விடுவாங்க. உயிர் அடங்குறதுக்குள்ள இலையே தன் சர்க்கரையைத் தின்னு தீர்த்துடும், இனிப்பு மிஞ்சாது.

எங்க திண்டுக்கல் பக்கம் வட்டக்கப்பல், ஊசிக்கப்பல் மாதிரி மெல்லுற புகையிலை. பூ வர்றதுக்கு முன்னாடி நுனியைக் கிள்ளி, பக்கத் துளிரையும் ஒடிச்சிடுவோம். சத்தெல்லாம் இலைக்குப் போய் காரம் ஏறும். செடியோட அறுத்து வெயில்ல காய வச்சு, அடுக்கிப் பாடம் போடணும். அடுக்குக்குள்ள சூடேறும், அப்பப்போ பிரிச்சு மாத்தி அடுக்கணும். நாள் ஆக ஆகப் பச்சை நெடி போய், இலை கறுத்து, மணம் கூடும். வெல்லத் தண்ணி தெளிக்கிறவங்களும் உண்டு.

இந்தக் கைப்பக்குவத்துக்கு நான் மரியாதை தர்றேன். ஆனா இதையே "பாரம்பரிய ருசி, ரசாயனம் கிடையாது"ன்னு சிலர் பெருமையா எழுதுறப்போ எனக்கு ஒப்பலை. மணம் வர்ற அதே பாடத்துலதான் நைட்ரோசமைன்ங்கிற புற்றுநோய்ப் பொருளும் உண்டாகுது. எருவும் வேப்பம்புண்ணாக்கும் போட்டு வளர்த்தாலும் அது மாறாது. பனி காயாத பச்சை இலையைத் தொட்டு வேலை பாக்குற பெண்களுக்குத் தோல் வழியாவே நிக்கோட்டின் ஏறி, தலை சுத்தி வாந்தி வருது. மெல்லுறவர் வாய்க்கு முன்னாடி, பறிக்கிறவர் உடம்பு விலை கொடுக்குது.

"அப்புறம் ஏன்யா போடுறே?"ன்னு கேப்பீங்க. எங்க கிணத்துல உப்புத் தண்ணி. வெங்காயமும் அவரையும் அதுல சுணங்கிப் போகும், புகையிலை தாங்கி நிக்கும். காஞ்ச இலை மேல வெள்ளையாப் பூத்திருந்தா வியாபாரி இன்னும் விரும்பி வாங்குவார். தக்காளி மாதிரி ரெண்டே நாள்ல அழுகாது, விலைக்காகக் காத்திருக்கலாம். ஆனா வர்ஜீனியாவுக்கு வாரியமும் ஏலமும் இருக்கிற மாதிரி எங்க இலைக்கு இல்லை. வியாபாரி மோந்து பாத்துச் சொல்றதுதான் விலை.

என் கருத்து இதுதான். புகையிலை குறையணும், அதுல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா தடையும் அறிவுரையும் மட்டும் போதாது. உப்புத் தண்ணியைத் தாங்குற, வீட்டுல வச்சு விக்கக்கூடிய, விலை உறுதியான பயிர் ஒண்ணு கைக்கு வரணும். வேடசந்தூர்ல புகையிலை ஆராய்ச்சி நிலையம் 1948லேருந்து இருக்கு. நல்ல இலைக்குக் காட்டின அக்கறை அத்தனையும் மாற்றுப் பயிருக்கும் வரட்டும்.

பாடம் போடத் தெரிஞ்ச கைக்கு வேற எந்தப் பயிரையும் பக்குவம் பண்ணத் தெரியும். பயிரைக் காட்டுங்க, விலையைச் சொல்லுங்க.