பண்பையும் தலைமையையும் போற்றும் விருதைக் கோவை தொடங்கட்டும்

விளையாட்டைப் பிழைப்பாகக் கொள்ளாமல், படிப்புக்கும் வேலைக்கும் நடுவே பயிற்சி எடுத்துக் களமிறங்குபவரே அமெச்சூர் வீரர் எனப்படுகிறார். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் மாவட்டங்களின் கபடிக் களங்களிலும் கூடைப்பந்து ஆடுகளங்களிலும் தடகளப் பாதைகளிலும் காணப்படுவோரில் மிகப் பெரும்பாலோர் இவ்வகையினரே. சாதனையோடு பண்பையும் தலைமையையும் சேர்த்து எடைபோட்டு இவர்களைச் சிறப்பிக்கும் ஆண்டு விருது ஒன்றைக் கோவை தொடங்க வேண்டும். அதற்கான தேவையும் வசதியும் இந்நகருக்கு உண்டு.

1961-இல் நிறுவப்பட்ட அர்ஜுனா விருதின் விதிகள், நான்கு ஆண்டுச் சர்வதேசச் செயல்பாட்டோடு தலைமைப் பண்பு, விளையாட்டு நேர்மை, ஒழுங்குணர்வு ஆகியவற்றையும் கோருகின்றன. ஆயினும் தேர்வு மதிப்பெண்களின் பெரும்பகுதி பதக்கங்களுக்கே செல்வதால், பிற தகுதிகள் பெயரளவில் நின்றுவிடுகின்றன. கல்லூரிச் சேர்க்கையும், தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீடும் சான்றிதழ்களையே நம்பியிருப்பது இயல்புதான். ஆனால் வாழ்க்கையே ஒரு சான்றிதழைப் பொறுத்து அமையும்போது, வயதைக் குறைத்துக் காட்டி இளையோர் போட்டிகளில் நுழையும் முறைகேடு தலைதூக்குகிறது. அதைத் தடுக்க மத்திய அரசு 2010-இல் தனி நெறிமுறையே வகுக்க நேர்ந்தது. பொய் சொன்னவருக்குத் தண்டனை விதிக்க விதி இருக்கிறது. உண்மையான வயதைச் சொல்லித் தோற்றுப்போன சிறுவனைப் பாராட்ட இங்கே யாரும் இல்லை. இந்தக் குறை சிறியதன்று.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில், ஐந்து வயதில் பேருந்தில் சிக்கி வலது கால் சிதைந்த மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் கடந்து தங்கம் வென்றார். பின்னர் டோக்கியோவில் வெள்ளியும் 2024-இல் பாரிஸில் வெண்கலமும் பெற்றார். அவருக்குக் கிடைத்த அர்ஜுனா, கேல் ரத்னா விருதுகள் முதன்மையாக இத்தகைய வெற்றிகளுக்கானவை. ரியோ வெற்றியின் பரிசுப் பணத்திலிருந்து, தாம் படித்த அரசுப் பள்ளிக்கு ரூ.30 லட்சம் தருவதாக அவர் அறிவித்தாரே, அந்த மனத்தை எந்த மதிப்பெண் பட்டியலும் அளப்பதில்லை. பதக்கம் எட்டாத எத்தனையோ வீரர்கள், மாலைதோறும் தம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி தருகிறார்கள். அவர்களுடைய உழைப்பு பதிவாவதே இல்லை.

பண்பை எப்படி அளப்பது என்ற ஐயம் நியாயமானது. அமெரிக்காவின் அமெச்சூர் தடகளச் சங்கம் 1930 முதல் வழங்கிவரும் சல்லிவன் விருது சாதனையோடு குணநலனையும் தலைமையையும் கருதுவதாகும். முதல் விருதைக் கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸ் பெற்றார். ஆனால் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற கறுப்பின வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அந்த ஆண்டிலும் சரி, அதற்குப் பின்னரும் சரி, அவ்விருது வழங்கப்படவில்லை. தேர்வாளரின் விருப்பு வெறுப்பு நுழைவதற்குக் குணநலன் என்ற சொல் வசதியான வாயிலாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை. சாதியும் செல்வாக்கும் வலுவாக உள்ள கொங்கு மண்ணில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

ஆகவே பரிந்துரைக்கும் உரிமையைச் சங்க நிர்வாகிகளிடம் மட்டும் விட்டுவிடாமல், எதிரணியினர், நடுவர்கள், அந்த வீரரிடம் பயின்ற இளையோர், உடற்கல்வி ஆசிரியர்கள் ஆகியோருக்கும் வழங்க வேண்டும். தேர்வுக்கான காரணங்களை எழுத்தில் வெளியிட வேண்டும். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சமமான எண்ணிக்கையில் விருதுகள் அமைய வேண்டும். பி.எஸ்.ஜி. கோப்பை, நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை ஆகிய அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிகளை வளர்த்தெடுத்த நகருக்கு இதற்கான நிதி பெரும் சுமையாகாது. கொடிசியா போன்ற தொழில் அமைப்புகளும் மாவட்ட விளையாட்டு அலுவலகமும் இப்போதே கூடிப் பேசி, தேசிய விளையாட்டு நாளான ஆகஸ்ட் 29 அன்று கோவை நேரு விளையாட்டரங்கில் முதல் விருதை வழங்க முன்வர வேண்டும்.